வயல் தாழ்ந்தது, சீஸ் விளைந்தது

கௌடா என்றால் சீஸ் செய்யும் ஊர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெதர்லாந்தின் தெற்கு ஹாலந்து மாகாணத்திலுள்ள அந்தச் சிறு நகரம் பார்த்த வேலை வேறு. எடை போட்டது, வரி வசூலித்தது, வாங்குபவனையும் விற்பவனையும் ஒரே சதுக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. சீஸ் செய்தவர்கள் சுற்றுவட்டாரக் குடியானவர்கள். ஸ்டோல்வைக், போடஹ்ராவன், வூர்டன் என்று கால்வாய்க் கரையோரம் கிடக்கும் ஊர்களில், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் அன்றன்றைய பால் அன்றன்றே கட்டியானது. அதைப் படகில் ஏற்றி வந்து இறக்கிய சந்தையின் பெயர் சரக்கோடு ஒட்டிக்கொண்டது.

அந்த ஊர்களின் தரை இன்று கடல் மட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் கீழே கிடக்கிறது. கௌடாவிலிருந்து சைக்கிளிலேயே போய்விடக்கூடிய நியூவர்கெர்க் என்ற இடம்தான் நாட்டிலேயே மிகத் தாழ்ந்த புள்ளி: கடல் மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே. அங்கே எரிபொருளுக்காக மண்ணை வெட்டி எடுத்தார்கள், பள்ளம் விழுந்தது என்று காரணம் சொல்லிவிடலாம். மாடு மேயும் மற்ற இடங்களில் மண்ணை யாரும் வெட்டிக்கொண்டு போகவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு மேலே மேடாக இருந்த நிலம் தானாகவே இறங்கியிருக்கிறது. இறங்கிய நிலத்தில்தான் சீஸ் பிறந்தது. அதனால் இந்தக் கதையை மாட்டிலிருந்து தொடங்காமல் மண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மேற்கு நெதர்லாந்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்பு. நாணலும் பாசியும் செடிகொடிகளும் தண்ணீருக்குள் மடிந்து விழுந்தன. தண்ணீருக்கடியில் காற்று கிடையாது, காற்றில்லாமல் மட்குவதும் நடக்காது. பல ஆயிரம் ஆண்டுகளில் அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து, கறுத்து, ஈரம் சொட்டும் ஒருவகை மண்ணாயின. பீட் என்று அதற்குப் பெயர். மண் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே ஒழிய, அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர், மிச்சம் பாதி மட்கிய செடி. 11ஆம் நூற்றாண்டுவாக்கில் ஹாலந்தின் பிரபுக்களும் உட்ரெக்ட் நகரத்து ஆயரும் இந்தச் சதுப்பைக் கீற்றுக் கீற்றாக அளந்து குடியேறிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கீற்று ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். இன்றைக்கும் ஆகாயத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோடுகள் சீப்பால் வாரிவிட்டதுபோல் தெரிகின்றன.

குடியேறிகள் கீற்றின் இரு ஓரமும் வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தது. கம்பும் சோளமுமா விளையும் அந்தக் குளிரில்? ரை என்ற தானியமும் பார்லியும் ஓட்ஸும் விதைத்தார்கள், விளைந்தது. ஆனால் வடிந்த தண்ணீரின் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது. அதுவரை மட்காமல் கிடந்த செடிச் சக்கையை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கின. தின்றது கார்பன் டை ஆக்சைடாக வெளியேறியது. அதாவது நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்து போய்க்கொண்டிருந்தது. கூடவே, தண்ணீர் போனதால் மிச்சமிருந்ததும் சுருங்கி அமுங்கியது. தரை தாழ்ந்ததும் வயலில் மறுபடி தண்ணீர் நின்றது. வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்டினார்கள். தரை இன்னும் தாழ்ந்தது. ஓரிரு நூற்றாண்டுகளில் வயல் ஆற்று மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைநீர் ஓடிப் போக வழியில்லை. காற்றாலை வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. காற்றாலைகளை நாம் அழகுக்காகப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். அன்றைக்கு அவை வேறு வழியற்றவர்களின் பம்புசெட்.

இறைத்தும் தானியத்துக்கு அது போதவில்லை. குளிர்காலம் முழுக்க வேர் நனைந்து நின்றால் தானியப் பயிர் அழுகும். புல் தாங்கும். புல்லைத் தின்னப் பசு இருக்கிறது. உழவர்கள் மாட்டுக்காரர்களானது ஆசைப்பட்டு அல்ல, வேறு போக்கிடம் இல்லாமல். பாலோ ஒருநாள் தாண்டாது. வெண்ணெயும் சீஸும்தான் நாள் தாங்கும், தூரம் போகும், விலை கிடைக்கும். சாப்பிட ரொட்டி? அதைக் கப்பல்கள் தீர்த்தன. டான்ஸிக் முதலான பால்டிக் கடல் துறைமுகங்களிலிருந்து ரை தானியம் ஆம்ஸ்டர்டாமில் வந்து குவிந்தது. சீஸ் விற்ற காசில் தானியம் வாங்கித் தின்றான் ஹாலந்துக் குடியானவன். ஐரோப்பாவில் பெரும்பாலான உழவர்கள் தாங்கள் விளைவித்ததையே தின்றுகொண்டிருந்த காலத்தில், சந்தையை நம்பி அடுப்பை மூட்டியவன் அவன். ஹாலந்தின் வணிக வளத்தைப் பேசும்போது மிளகையும் கிராம்பையும் முன்னால் நிறுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் பால்டிக் தானியமும் மாட்டுப் பாலும்தான் அதற்கு அடித்தளம் போட்டவை.

பண்ணையில் சீஸ் செய்வது பெண்கள் வேலை. குடியானவன் மனைவியும் மகளும் வேலைக்காரியும் விடியும் முன்பே தொட்டியருகே நிற்பார்கள். கை பழகியவர்களிடமிருந்து கைக்குப் போன வித்தை. யாரும் எழுதி வைக்கவில்லை, அதற்கு அவசியமும் வரவில்லை. எழுத்தில் இருப்பதெல்லாம் சந்தைக் கணக்குதான். ஆல்க்மார் நகரத்தில் 1365லேயே சீஸ் எடை போடத் தராசு இருந்தது. அங்கே சீஸ் சுமப்பவர்களின் சங்கம் 1593 முதல் இருக்கிறது. கௌடாவில் 1668இல் பீட்டர் போஸ்ட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு எடைமண்டபம் கட்டினார்கள். அதன் முகப்பில் சீஸ் நிறுக்கும் காட்சியைப் பளிங்கில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரண்மனை கட்டுகிறவரை அழைத்துத் தராசுக்கு வீடு கட்டிய ஊர் என்றால் வருமானத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி தொட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம்.

பண்ணை முறையில் பால் காய்ச்சப்படுவதில்லை. கறந்த சூட்டோடு, ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில் தொட்டிக்கு வருகிறது. தொழிற்சாலையில் 72 டிகிரிக்கு 15 நொடி சூடாக்கிக் கிருமி நீக்கிவிட்டு, மறுபடி அதே வெதுவெதுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். முதலில் சேர்வது உறை. முன்பெல்லாம் முந்தின நாள் புளித்த மோரோ, சீஸ் வடித்த தெளிநீரோ. இப்போது தேர்ந்தெடுத்து வளர்த்த பாக்டீரியாக் கலவை. முக்கியமானது லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். ஜோசப் லிஸ்டர் 1870களில் புளித்த பாலிலிருந்து தனியே பிரித்துக் காட்டிய அதே உயிர். இது பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் ஆக்குகிறது.

இதுவரை நம் வீட்டுத் தயிர்க்கதைதான். தயிரில் அமிலம் கூடிக் கூடிப் பால் புரதம் தானே திரளும், அதற்கு ஓர் இரவு வேண்டும். சீஸில் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. ரென்னெட் என்ற நொதிச்சாற்றை ஊற்றுகிறார்கள், அரைமணியில் தொட்டி முழுக்கக் கட்டியாகிவிடும். புளிப்பு இன்னும் ஏறியே இருக்காது. தயிரும் சீஸும் பிரிகிற இடம் இதுதான்.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பால் வெள்ளையாக இருப்பதற்குக் கொழுப்பு மட்டும் காரணமல்ல. கேசீன் என்ற புரதத்தின் நுண்ணிய உருண்டைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஓர் உருண்டை ஒரு மில்லிமீட்டரில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள், கால்சியம் பாஸ்பேட்டால் பிணைக்கப்பட்டு. இவை ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன? உருண்டையின் மேற்பரப்பில் கப்பா கேசீன் என்ற ஒருவகைப் புரதம் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மயிர்கள் மின்சுமை கொண்டவை, தண்ணீரை விரும்புபவை. நெருங்கிவரும் அடுத்த உருண்டையைத் தள்ளி நிறுத்துகின்றன.

ரென்னெட்டிலுள்ள கைமோசின் என்ற நொதி இந்த மயிரைச் சிரைத்துவிடுகிறது. கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. கப்பா கேசீன் 169 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 105ஆவதற்கும் 106ஆவதற்கும் நடுவே ஒரே ஒரு வெட்டு. அறுந்த துண்டு தண்ணீரோடு போய்விடும். மொட்டையான உருண்டைகளை இனி தடுக்க எதுவுமில்லை. கால்சியம் பாலம் போட, அவை ஒட்டி ஒட்டி வலையாகின்றன. கொழுப்பும் தண்ணீரும் வலைக்குள் மாட்டிக்கொள்கின்றன. பத்தாயிரம் பங்கு பாலுக்கு ஒரு பங்கு ரென்னெட் போதும்.

இந்த நொதி கிடைத்த இடம் பால் குடிக்கும் கன்றின் நான்காவது இரைப்பை. குடித்த பால் அப்படியே குடலுக்கு ஓடிவிட்டால் கன்றுக்குச் சத்து சேராது. இரைப்பையிலேயே உறைந்து நின்றால்தான் மெதுவாகச் செரிக்கும். கன்றுக்காக இயற்கை வைத்த ஏற்பாட்டை மனிதன் தொட்டிக்கு மாற்றிக்கொண்டான். இந்தியாவில் சைவர்கள் சீஸ் உறையைத் திருப்பிப் பார்ப்பதற்கும் இதுதான் காரணம். கௌடாவுக்குப் பக்கத்து நகரமான டெல்ஃப்டில் இதற்கு மாற்று ஒன்று பிறந்தது. கைமோசினுக்கான கன்றின் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, அந்த ஈஸ்டையே நொதி சுரக்க வைத்தது அங்கிருந்த கிஸ்ட் ப்ரோகேட்ஸ் நிறுவனம். இப்படி நொதிக்கலனில் செய்த கைமோசின்தான் இன்று உலகின் பெரும்பாலான சீஸை உறைய வைக்கிறது. கன்று தேவையில்லை. நுண்ணுயிர்களை முதன்முதலில் லென்ஸ் வழியே கண்ட லீவன்ஹுக்கும் அதே டெல்ஃப்டுக்காரர்தான்.

பால் உறைந்ததா என்று பார்ப்பதற்கு இன்றும் விரல்தான் கருவி. ஆள்காட்டி விரலைச் சாய்வாக உள்ளே விட்டு மெல்ல மேலே தூக்குகிறார்கள். கட்டி மழுங்காமல் நேர்கோடாகப் பிளந்து, பிளவில் கலங்காத இளம்பச்சைத் தெளிநீர் நின்றால் பதம். குழைந்து விரலில் ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். பிறகு மெல்லிய கம்பிகள் கட்டிய சட்டத்தால் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, பட்டாணி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அறுத்த ஒவ்வொரு துண்டும் சுருங்கித் தெளிநீரைக் கக்குகிறது. கிளறக் கிளற இன்னும் சுருங்குகிறது.

இப்போது வருவதுதான் கௌடாவைக் கௌடாவாக்கும் வேலை. தொட்டியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெளிநீரை வடித்துவிட்டு, அந்த இடத்துக்குச் சுடுநீர் ஊற்றுகிறார்கள். தொட்டி முழுக்க 36, 37 டிகிரிக்குச் சூடேறுகிறது. பார்க்க ஒன்றுமில்லை. பாலைத் திரட்டுவதே தண்ணீரைப் பிரிக்கத்தானே, மறுபடி தண்ணீரா என்று கேட்கத் தோன்றும்.

லாக்டோஸ் கரைந்திருப்பது தண்ணீரில். தெளிநீரை எடுத்துவிட்டு வெறும் நீரை ஊற்றினால், துண்டுக்குள்ளிருக்கும் சர்க்கரையும் கசிந்து வெளியே வரும். பாக்டீரியாவுக்குத் தீனி குறையும். தீனி குறைந்தால் அமிலத்துக்கு ஓர் எல்லை விழும். பாலின் அமிலக் குறியீடு 6.7 அளவில் இருக்கும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தயிரில் அது 4.6க்கோ அதற்கும் கீழோ போய்விடுகிறது. கழுவிய கௌடா 5.2க்கு அருகில் நின்றுவிடும். இந்தச் சின்ன வித்தியாசத்தில் நிறைய அடங்கியிருக்கிறது. புளிப்பு கூடினால் கேசீனைப் பிணைத்திருக்கும் கால்சியம் கரைந்து வெளியேறும். பிணைப்புப் போன கட்டி உதிரும். கழுவிய சீஸில் கால்சியம் போதுமான அளவு தங்குகிறது. அதனால் அது வளைகிறது, அழுத்தினால் மீண்டு வருகிறது, கத்தி பட்டால் மெழுகுபோல் சீவலாக வருகிறது. கழுவாமல் புளிக்கவிட்ட இங்கிலாந்தின் செடார் பொடியக் காரணமும் இதுவே. சர்க்கரையைக் கழுவி எடுத்த சீஸுக்கு இனிப்பான சீஸ் என்று பெயர் வந்தது வேடிக்கைதான். நாக்கு உணர்வது சர்க்கரையை அல்ல, புளிப்பு இல்லாததை. தொட்டியில் மிஞ்சிய கொஞ்ச லாக்டோஸையும் பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடும்.

நிலத்திலிருந்து தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தவர்கள், சீஸுக்குள் தண்ணீரை ஊற்றப் பழகினார்கள்.

கழுவிய துண்டுகளைத் தெளிநீருக்குள்ளேயே வைத்துக் கொஞ்சம் அமுக்கிவிட்டு, துணி விரித்த வட்ட அச்சில் நிரப்பிப் பாரம் ஏற்றுகிறார்கள். தெளிநீருக்குள்ளே அமுக்குவதால் துண்டுகளுக்கிடையே காற்று புகுவதில்லை. கௌடாவில் ஆங்காங்கே தெரியும் சிறு துளைகள் பாக்டீரியாவின் வேலை. பாலிலுள்ள சிட்ரேட்டைத் தின்னும் சில இனங்கள் கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன, கூடவே வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலையும். 10 லிட்டர் பால் ஏறத்தாழ 1 கிலோ சீஸ் ஆகும். வழக்கமான ஒரு வட்டம் 12 கிலோ, பண்ணைகளில் அதைவிடப் பெரியதும் உண்டு. நூற்றிருபது லிட்டர் பாலைத் தட்டையாக்கித் தோளில் தூக்கிப் போகலாம் என்றால் குடியானவனுக்கு அது பெரிய சௌகரியம்.

அடுத்து உப்புக் கரைசல். நூற்றுக்குப் பதினெட்டு, இருபது பங்கு உப்பு கலந்த குளிர்ந்த நீரில் வட்டங்கள் நாலைந்து நாள் மிதக்கும். உப்பு ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்து போகிறது, உள்ளிருந்து ஈரம் வெளியே வருகிறது, தோல் இறுகுகிறது. ஊர்வது என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. நடுப்பகுதிக்கு உப்பு சரிசமமாகப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் ஒரு கள்ளன் காத்திருக்கிறான்.

குளிர்காலத் தீனிக்காகப் புல்லைக் காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்க வைப்பார்கள். நம் கால்நடை மருத்துவர்கள் ஊறுகாய்ப் புல் என்கிறார்களே, அது. அது சரியாகப் புளிக்காவிட்டால் க்ளோஸ்ட்ரிடியம் டைரோபியூட்டிரிக்கம் என்ற பாக்டீரியா அதில் பெருகும். அதன் வித்துகள் மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் வந்து, மடியில் ஒட்டி, பாலில் விழும். 72 டிகிரி சூடு அவற்றை ஒன்றும் செய்வதில்லை. சீஸின் நடுவே காற்றில்லை, உப்பு இன்னும் வந்து சேரவில்லை, லாக்டிக் அமிலம் தாராளம். வித்து முளைத்து அந்த அமிலத்தைத் தின்று பியூட்டிரிக் அமிலமும் ஹைட்ரஜனும் விடத் தொடங்கும். ஹைட்ரஜன் சீஸில் கரையாது. இரண்டு மூன்று மாதம் பொத்திப் பாதுகாத்த வட்டம் பந்துபோல் உப்பி, உள்ளே பாளம் பாளமாக வெடிக்கும். வெட்டினால் வாந்தி நாற்றம். ஒரு வட்டம் போனால் அதே நாள் செய்த அத்தனையும் சந்தேகம்தான். இதைத் தடுக்க நெதர்லாந்தில் கைக்கொண்ட பழைய வழி பாலில் சிட்டிகை வெடியுப்பு. பாலிலேயே உள்ள ஒரு நொதி அதன் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, வித்து முளைப்பது தடைபடும். பெரிய ஆலைகள் பாலை வேகமாகச் சுழற்றி, கனமான வித்துகளைப் பிரித்தெடுத்துவிடுகின்றன. பண்ணைக்காரருக்கு முதல் தற்காப்பு இன்றும் சுத்தமான மடிதான்.

தப்பிய வட்டங்கள் மரப்பலகைகளில் ஏறுகின்றன. முன்பு ஆளி எண்ணெய் தடவிக் காத்த தோலுக்கு இப்போது காற்றும் ஈரமும் ஓரளவு போய்வரும் மஞ்சள் பூச்சு. வட்டங்களைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஈரம் கட்டும், உருவம் சரியும். 4 வாரத்தில் இளசு. 4 மாதத்தில் நடுத்தரம். 10 மாதம் தாண்டினால் முற்றல். ஒன்றரை, இரண்டு ஆண்டு கிடந்ததும் உண்டு. இந்தக் காலம் முழுக்க உள்ளே சிதைவு நடக்கிறது. மிச்சமிருந்த கைமோசினும் பாலின் சொந்த நொதியான பிளாஸ்மினும் கேசீனை நீளத் துண்டுகளாக வெட்டுகின்றன. இறந்துபோன பாக்டீரியாக்களின் உடலிலிருந்து கசியும் நொதிகள் அந்தத் துண்டுகளை அமினோ அமிலம்வரை நறுக்குகின்றன. குளூட்டமிக் அமிலம் சேரச் சேர நாவில் ஊறும் அந்த ஆழ்ந்த சுவை வருகிறது. அரிதில் கரையும் டைரோசின் என்ற அமினோ அமிலம் வெண்மணிகளாகப் படிகிறது. முதிர்ந்த கௌடாவைக் கடிக்கும்போது நறநறக்கும் அந்த மணிகளை உப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். கேரமல் வாசமும் பாலேட்டு மணமும் கலந்து, கத்தியில் நொறுங்கும் இந்த முற்றலைச் சுவைக்காமல், சாண்ட்விச்சுக்குள் வைக்கும் இளசை மட்டும் தின்றுவிட்டுக் கௌடா சப்பென்று இருக்கிறது என்பவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

எது எவ்வளவு முதிர்ந்தது என்று பார்க்க வியாபாரி கையில் ஓர் அரைவட்டக் குழல் ஊசி இருக்கும். அதை வட்டத்தின் பக்கவாட்டில் குத்தித் திருகி இழுத்தால் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி வெளியே வரும். முதலில் முகர்வார். பிறகு நுனியைக் கிள்ளி விரல்களுக்கிடையே தேய்ப்பார். கொழுப்பு எப்படி இளகுகிறது, மாவாகிறதா, இழுபடுகிறதா என்று பார்ப்பார். துணுக்கு வாயில். மிச்சக் குச்சியைத் துளையிலேயே செருகி, மேலே விரலால் தேய்த்து மூடிவிடுவார். அப்புறம்தான் பேரம். விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் தட்டித் தட்டி விலை சொல்வார்கள். கடைசித் தட்டு ஒப்பந்தம். ஆல்க்மாரிலும் கௌடாவிலும் சுற்றுலாப் பயணிகளுக்காக இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள்.

கடல் கடந்து போனதில் கௌடாவைவிட அதன் வடக்கத்தி உறவான ஈடாமுக்குப் பெயர் அதிகம். கொஞ்சம் கொழுப்பு எடுத்த பாலில் செய்த உருண்டை. சீக்கிரம் இறுகும், கப்பல் பயணத்தில் கெடாது. நெதர்லாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மாலுமிகளின் படியில் சீஸும் ஒன்று. இலங்கையில் டச்சு வழிவந்த பர்கர் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் காலையில் ப்ரூடர் என்ற இனிப்பு ரொட்டியை ஈடாம் சீஸ் துண்டோடு சாப்பிடும் வழக்கம், டச்சுக்காரர்கள் 1796இல் தீவை விட்டுப் போன பின்னும் போகவில்லை.

ஏற்றுமதி ஈடாமின் சிவப்புத் தோலுக்கு ஒரு துணைக்கதை. மெழுகுப் பூச்சு வருவதற்கு முன், தெற்கு பிரான்ஸில் கல்லார்க் என்ற கிராமத்தார் குரோசோஃபோரா என்ற களைச்செடியின் சாற்றில் கந்தல் துணிகளை நனைத்து, சாணக் குவியலிலிருந்து எழும் அம்மோனியா ஆவியில் காட்டுவார்கள். துணி நீலமாகும். அந்தக் கந்தல்கள் மூட்டை மூட்டையாக ஹாலந்துக்குப் போயின. சீஸ் தோலில் தேய்த்தால் அங்குள்ள அமிலம் பட்டு நீலம் சிவப்பாகும். சாணப் புகையில் ஊறிய துணி என்பது சீஸ் தின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்புவோம். இந்தச் செடியின் தமிழ்நாட்டு உறவுக்குக் குரோசோஃபோரா ராட்லெரி என்று பெயர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, செடிகளைச் சேகரித்து, பிற்காலத்தில் தமிழ் அகராதியும் தொகுத்த ராட்லரின் நினைவாக வைத்த பெயர் அது.

கௌடா என்ற பெயரை இன்று உலகில் யார் வேண்டுமானாலும் தங்கள் சீஸுக்கு வைத்துக்கொள்ளலாம். சட்டப் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும் முன்பே பெயர் பரவிவிட்டது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் கௌடா ஹாலந்து என்ற இரட்டைப் பெயருக்கு மட்டும் காப்பு கொடுத்தது. பச்சைப் பாலில் பண்ணையிலேயே செய்வதைக் குறிக்கும் பூரன்காஸ் என்ற பெயருக்கும் தனியே பாதுகாப்பு உண்டு. நெதர்லாந்தின் மொத்த உற்பத்தியில் அது சிறு துளி.

நிலம் இறங்குவது நிற்கவில்லை. காற்றாலைக்குப் பதில் மின் பம்பு வந்தபின் வாய்க்கால் நீரை இன்னும் கீழே வைக்க முடிந்தது, டிராக்டர் ஓட்டவும் மாடு புதையாமல் நடக்கவும் அது வேண்டியிருந்தது. பீட் நிலம் இடத்துக்கு இடம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை தாழ்கிறது. மட்கும் பீட்டிலிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடு இப்போது நாட்டின் பருவநிலைக் கணக்கில் ஏறுகிறது. 2030க்குள் அதில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் குறைக்க வேண்டும் என்று நாட்டின் 2019 பருவநிலை ஒப்பந்தம் சொன்னது. நிலத்தடி நீரை மேற்பரப்பிலிருந்து 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உயர்த்த வேண்டும் என்று 2022இல் அரசு அறிவித்தது. தண்ணீர் ஏறினால் பீட் மட்காது. ஆனால் அறுநூறு கிலோ மாட்டின் குளம்பு சேற்றில் இறங்கும், புல் மிதிபடும், வசந்தத்தில் மேய்ச்சல் தள்ளிப்போகும்.

வூர்டனுக்குப் பக்கத்து ஸெக்வெல்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் இதற்கு நடுவழி தேடுகிறார்கள். வயலுக்கடியில் குழாய் புதைத்து, கோடையில் வாய்க்கால் நீரை உள்ளே தள்ளிப் பீட்டை ஈரமாக வைக்கிறார்கள். மழைக்காலத்தில் அதே குழாய் வடிகாலாகும். மாட்டை விட்டுவிட்டு, நீரில் நிற்கும் சம்பைப் புல்லைப் பயிராக்கிப் பார்க்கும் பாத்திகளும் அங்கே உண்டு. அந்தப் புல்லில் சீஸ் வராது.

கௌடா நகரத்தின் பாடு இதற்கு நேர் எதிர். பழைய ஊரும் பீட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வீடுகள் இறங்கி இறங்கி, மழை பெய்தால் தரைக்குள் நீர் ஊறுகிறது. அதனால் அங்கே கால்வாய் நீரைப் படிப்படியாகக் குறைக்கத் திட்டமிடுகிறார்கள். அதிகம் குறைத்தால் சில வீடுகளைத் தாங்கும் மரத் தூண்களின் தலை காற்றுப் பட்டு உளுத்துவிடும். எனவே சந்தை ஊர் தண்ணீரை இறக்கப் பார்க்கிறது, சீஸ் செய்யும் ஊர்களையோ ஏற்றச் சொன்னது 2022 அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.